கருமணி

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்,
றெயில் போகும்போதெல்லாம் கலண்டர் ஆடும் மூன்றாம் மாடியில்
நான் நிறம் பூசுகிறேன்.
கோடுகள் வேறொரு நாட்டிலிருந்து வரும்.
கதை அதற்கும் அப்பாலிருந்து.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு.

அவனுடைய பெயர் 'மேன்' என்று முடியும்.
அவளுடையது 'கேர்ள்'.
கேர்ளுக்கு முப்பத்தாறு வயது,
முதல் இதழிலேயே கலாநிதிப் பட்டம்.

அவன் பஸ்சைத் தூக்கினால்
கழுத்து நரம்புக்கு ஊதா கேட்பார்கள்,
வியர்வைக்கு வெள்ளை.
அவள் கப்பலைத் தூக்குகிறாள்,
முகம் சுளியக் கூடாது.
உதடு கொஞ்சம் திறந்திருக்கலாம்.
முன்னும் பின்னும் ஒரே பார்வையில் தெரிய
முள்ளந்தண்டை முறுக்கி நிற்கிறாள் எப்போதும்.
றிஸ்மினா ஒருநாள் எழும்பி அப்படி நின்று பார்த்தாள்.
மூன்று நாள் வேலைக்கு வந்தது
சித்தாலேப வாசம்தான்.

குண்டு வெடித்தால் இருவர் சட்டையும் கிழியும்.
அவளுடையது எங்கே கிழிய வேண்டும் என்று
தனிக் கோப்பு ஒன்று வரும்.

இதெல்லாம் பழகிவிட்டது.

பன்னிரண்டாம் இதழில் அவளுக்குப் பலம் கூடுகிறது.
அவனுக்குக் கூடியபோது
நெஞ்சில் புதுச் சின்னம் வந்தது, நான்தான் மஞ்சள் அடித்தேன்.
அவளுக்குத் தலையிடி வருகிறது,
மூக்கால் ரத்தம், காதுக்குள் ஆட்கள் கதைக்கும் சத்தம்.
அவன் கோபப்பட்டால் நகரம் தப்பும்.
அவள் கோபப்பட்டால்
நகரத்தை அவளிடமிருந்து தப்பவைக்க அவன் வருவான்,
அழுதுகொண்டே கொல்வான்.
அந்தக் கண்ணீருக்கு ஒரு முழுப் பக்கம்.

பக்கம் பதினேழு. குறிப்பு:
கருமணியை எடுத்துவிடவும். வெறும் வெள்ளை.
இனி அவள் அவளல்ல.

இரவு கோலில் கேட்டேன், ஏன் என்று.
வாசகருக்குப் பயம் வர வேணும் என்றார்.
எதைப் பார்த்து என்று கேட்டேன்.
லைன் கிளியர் இல்லை என்றார்.

அடுத்த நாள் நூற்றியோராம் இலக்க பஸ்ஸில்,
பம்பலப்பிட்டிச் சந்தியில்,
ஒருத்தி சத்தம் போட்டாள்.
பின்னால் நின்றவனின் கையை
மணிக்கட்டோடு பிடித்து உயர்த்தி,
இது யாருடைய கை என்று
முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில்.
முழு பஸ்ஸும் திரும்பியது.
அவனை அல்ல, அவளைப் பார்த்தது,
ஏதோ அவள்தான் இப்போது வெடிக்கப் போகிறாள் என்பதுபோல.
தங்கச்சி, ஆறுதலாக, என்றது ஒரு குரல்.
கொண்டக்டர் பாட்டின் சத்தத்தைக் கூட்டினான்.

நானும்தான் ஒன்றும் சொல்லவில்லை.
அவளுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
தொழில் பழக்கம்.
கருமணி இருந்தது.
வெயிலுக்குச் சுருங்கி, பிளேன்ரீ நிறத்தில்,
இரண்டும் அசையாமல்.

பதினேழாம் பக்கத்தில்
அந்த நிறத்தை வைத்தேன்,
ஒரு கண்ணுக்கு ஒரு புள்ளி,
கடுகு கொள்ளாத அளவு.
அனுப்பிவிட்டு முகம் கழுவினேன்.

இதழ் அச்சாகி வந்தது.
றிஸ்மினா யன்னலடியில் பிடித்துப் பார்த்தாள்.
இருக்கு என்றாள்.
மை கசிந்ததாயும் இருக்கலாம் என்றாள்.
யாரும் எழுதிக் கேட்கவில்லை,
காசும் வெட்டவில்லை.

இப்போது பதின்மூன்று.
நகரச் சதுக்கத்தில் அவளுக்குச் சிலை.
அவன் பேசுகிறான், எட்டுக் குமிழி வசனம்.
அவளைப் பற்றித்தான், ஆனால் எல்லாக் குமிழியும்
நான் என்று தொடங்குகிறது.
கல்லுக்கும் குதிச்செருப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

விற்பனை விழுந்தால் எழுப்புவார்கள் பார், என்கிறாள் றிஸ்மினா,
இடுப்பில் இன்னும் ஒரு அங்குலம் குறைத்து.

சிலைக்குச் சாம்பல் கேட்டிருக்கிறார்கள்.
வெள்ளிக்கிழமைக்குள்.
காங்கேசன்துறை றெயில் அல்ல, காலி றெயில் போகிறது,
கலண்டர் ஆடுகிறது.
கண்ணை மட்டும் விட்டுவிட்டு
மற்ற எல்லாம் பூசி முடித்தேன்.