கோயில் குழாயில் பல்லி

மூக்கையூரில் அக்டோபர் மாலை ஏழு மணி.
ஐஸ் கம்பெனியின் கம்ப்ரசர் ஓடும்வரை
என் வீட்டு வோல்டேஜ் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டாது.
அது நின்று மூச்சுவாங்கும் பதினோரு நிமிடம்தான்
எனக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும்.

இரண்டு வால்வுகள்.
மூன்றாவதாக ஒன்று இருந்தது.
சாவியை அமுக்கிப் பிடித்துக்கொண்டே
குமிழைத் தேடித் திருகிய காலத்தில்
அதன் தகடு வெற்றிலைச் சாறாய்ச் சிவந்து,
பிறகு ஆரஞ்சாகி, பிறகு
சின்னதாக ஒரு டிக்.
றோசலின் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
"ஓ, இதுதான் என் மிக்ஸியா" என்றாள்.

அதன்பின் கீயர்.
சோப்புப் பெட்டிக்குள் நானே பற்றவைத்தது.
துடுப்பு என்றுதான் அதற்கும் பேர்.
கட்டைவிரலால் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்,
புள்ளி புள்ளி புள்ளி புள்ளி
கோடு கிடையாது, எழுத்து கிடையாது.
புள்ளி வைத்ததும் யாரோ கூப்பிட,
கோலத்தை விட்டு அவள் எழுந்துபோன வாசல்.
எவ்வளவு எரிகிறதோ அவ்வளவு அணைகிறது,
அந்த இடுக்குகளில் தகடு ஆறிக்கொள்கிறது.

இடது கைக்கு இரண்டு குமிழ்கள்.
ஒன்றில் முள் தாழும் பள்ளத்தைப் பிடிக்க வேண்டும்,
இன்னொன்றில் வாட் மீட்டரின் உச்சியை.
ஒன்றைத் தொட்டால் மற்றது கோணும்,
காற்றில் ஒற்றை ஆள் தார்ப்பாய் விரிப்பதுபோல.

வழக்கமாக, எண்ணெய் டின்னுக்குள் அமிழ்ந்த
போலிச் சுமையில்தான் இதெல்லாம்.
அன்று டின்னின் அடியை உப்புக்காற்று தின்றிருந்தது.
சரி, ஆன்டெனாவிலேயே.
அலைவரிசையில் யாராவது உண்டா என்று
இருமுறை கேட்டேன். பதில் இல்லை.
வானத்தைக் கேட்டேனே ஒழிய
தெருவைக் கேட்கவில்லை.

உபதேசியார் தொபியாஸ் டார்ச்சோடு வந்து நின்றார்.
ஜெபமாலை மாதம், மூன்றாம் தேவ இரகசியம்,
கோயில் குழாயில் பல்லி சொல்லத் தொடங்கியதாம்.
"நிறுத்தாமச் சொல்லுதுப்பா. எந்தத் திசைன்னு
எல்லாரும் அண்ணாந்து பாக்குறாங்க.
தெக்கங்குறா பிரகாசி, மைக்குலயே.
ஒடனே அவ மருமவன்
நாளைக்கு நான் கடலுக்கு இல்லங்குறான்."

விரலை எடுத்தேன்.
மைக் ஒயரில் சுற்ற ஒரு ஃபெரைட் வளையத்தை
இழுப்பறையில் துழாவினேன்.
அவர் வால்வின் மஞ்சளைக் குனிந்து பார்த்து
"சூடா இருக்குமோ" என்றார், கையை நீட்டாமல்.

அப்போது ரிசீவரில், இரைச்சலுக்கு அடியில்,
மெலிசாக
இரண்டு புள்ளிகள்.

"ஒன் சத்தம்தான் திரும்பி வருதா?"
இல்லை, இது வேறு கை.
"யாரு?"
பேர் சொல்லவில்லை.
முடிந்ததா என்று விசாரிக்கிறான்,
இல்லை, முடித்துத் தொலை என்கிறான்.
இரண்டுக்கும் இரண்டு புள்ளிதான்.

"பதில் போடு."
"கோயில்ல கேக்குமே."
அவர் வாசல் பக்கம் காதைக் கொடுத்தார்.
மங்கள வார்த்தை மறுபடி ஆரம்பித்திருந்தது.
"ரெண்டுதானே. இருமலோட இருமலாப் போயிரும்."

தொட்டேன், தொட்டேன்.
கம்ப்ரசர் எழுந்தது, முள் படுத்தது.
குழாயில் பிரகாசியின் குரல்
ஒரு சொல்லில் தடுக்கி
பிறகு நடந்தது.