பன்னிரண்டு சென்டிமீட்டர்

லிஃப்ட் நின்ற பிறகுதான் என் வேலை.
பனியைச் சமன்செய்யும் வண்டியின் வெளிச்சத்தில்
பகல் முழுக்க யார் எப்படி விழுந்தார்கள் என்று
மலை காட்டிக்கொடுக்கும்.
நீளமான கீறல்:
சறுக்கிப் போய், எழுந்து, சிரித்திருப்பான்.
அகலமான மேலோட்டப் பள்ளம்: இடுப்பு.
சின்னதாய், வட்டமாய், ஓரம் இறுகிக் கிடந்தால்
வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்ப்பேன்.

தாவுமேடையின் உதட்டைத் தாண்டினால்
பேருந்து நீளத்துக்கு ஒரு தட்டைப் பரப்பு.
அது முடிந்து சரிவு தொடங்கும் விளிம்புக்கு
முட்டி என்று பெயர்.
விரல்களை மடக்கிப் பாருங்கள், அதே முட்டி.
தூரம் போதாதவர்களுக்காகக்
குத்துவதற்கு மடக்கிய கை போலக் காத்திருக்கும்.

பிப்ரவரி. செவ்வாய். மைனஸ் பதினெட்டு.
வண்டிக் கதவின் கைப்பிடியில் ஏதோ தொங்கியது.
பெரிய மீன் என்று நினைத்தேன்,
செதில் மேல் செதிலாய்.
ஓட்னியின் முதுகுக்காப்பு.
ஏழாவது தகட்டில் குறுக்காக விரிசல்.
கடிதம் இல்லை. வசவு இல்லை.
தோள்வாரில் மட்டும் வெள்ளையாய் வியர்வை உப்பு.

அவளைத் தெரியும்.
பின்னோக்கி வந்து தாவி
இரண்டரைச் சுற்றில் முகம் திரும்பி இறங்குபவள்.
காரை விட்டு இறங்குவதற்கு முன்
ஹீட்டர் காற்றில் இதைப் பிடித்துச் சூடாக்குவாள்.
உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு குளிரில் பலகையாகிவிடும்,
உடம்புச் சூடு ஏறினால்தான் முதுகோடு ஒட்டும்.
"ஆமை" என்பான் ஐவிந்த்.
"படத்தில் கூன் விழுந்த மாதிரி இருக்கு."
"கூனோடு நடக்கலாம்" என்பாள்,
பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்கி.

முதுகு காட்டினால் தோல்வி என்கிறது ஒரு வழக்கு.
காற்றில் தலைகீழாய்த் தொங்குகிறவளுக்கு
எது மார்பு, எது முதுகு?
பூமி எந்தப் பக்கம் வருகிறதோ
அந்தப் பக்கம் காட்டவேண்டியதுதான்.

கிளினிக்குக்கு போன் போட்டேன்.
எலும்பு முறியவில்லை என்றார்கள்.
தோள்பட்டைக்குக் கீழே புளூபெரி நிறத்தில்
உள்ளங்கை அளவு கன்றிப்போயிருக்கிறதாம்.
தகடு பிளந்துகொண்டது, அதனால் அவள் பிளக்கவில்லை.
ஆனாலும் டாக்டர் சொல்லாமல் விடவில்லை:
இது அடியை வாங்கும்.
முறுக்கை வாங்காது. கழுத்தைக் காக்காது.
உட்கார்ந்தபடி விழுந்தால்
எலும்பு மேல் எலும்பு நசுங்குவதை
ஒரு தகடும் தடுக்காது.

சரி. இதை ஏன் என் கதவில் மாட்டினாள்?

சாய்வுமானியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.
போகும்போதே தெரியும்.
ஞாயிற்றுக்கிழமை நான்தான்
உதட்டை இரண்டு டிகிரி நிமிர்த்தியிருந்தேன்.
ஐவிந்தின் கூட்டம் வீடியோவுக்கு உயரம் கேட்டது.
கேட்டார்கள், கொடுத்தேன்.
உயரம் வந்தது.
தூரம் குறைந்தது.
முட்டியின் மேல் அந்தச் சின்ன வட்டப் பள்ளம்
என் கணக்கின் விடையாக உட்கார்ந்திருந்தது.
விரிசலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன்,
பொருந்தியது.

இயந்திரத்தால் சீவினால் ஒரேயடியாய்ப் போய்விடும்.
மண்வெட்டியால் சீவினேன்.
பன்னிரண்டு சென்டிமீட்டர், மூன்று மணி நேரம்.
முட்டியையும் உருட்டி மழுக்கினேன்.
மறுநாள் ஐவிந்த் வந்து கத்தினான்.
கத்தட்டும்.

உடைந்த காப்பை எறியவில்லை.
ஒருமுறை அடி வாங்கியது இனி யாருக்கும் உதவாது,
என் இருக்கைக்குப் பின்னால் மாட்டிவைத்தேன்.
செங்குத்தில் ஏறும்போது
முதுகில் வந்து தட்டும், டக், டக்.

மார்ச்சில் ஓட்னி வந்தாள்,
சட்டைக்குள் புதுக் காப்பு.
மேலே வெகுநேரம் நின்றாளாம்.
நான் தூங்கிக்கொண்டிருந்த நேரம், பார்க்கவில்லை.

அன்றிரவு விளக்கொளியில்,
முட்டிக்குக் கீழே ஆறு மீட்டரில்,
சரிவின் நடுவில் இரண்டு கோடுகள்.
நெருக்கமாய், நேராய், சுத்தமாய்.
சுற்றிக்கொண்டு போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.
காலைக்குள் அது இறுகிவிடும்.
அடுத்து வருகிறவனின் ஸ்கீயைப் பிடிக்கும்.

சீப்பை இறக்கினேன்.
அழித்தேன்.