இரண்டு சொட்டு

சால்மியா. நாலாம் மாடி. பல் மருத்துவமனை.
ஞாயிறு காலை ரோவேனா போனில் விசும்புகிறாள்:
இறால் செத்துப்போச்சு,
டாக்டர் வருவதற்குள் வந்துவிடு.

வேனில் ஏசி இல்லை.
நாற்பத்தொன்பது டிகிரி.
பின்னால் இருபது லிட்டர் கேன்கள் எட்டும்
ஒவ்வொரு சிக்னலிலும் தளும்பி
என்னவோ சொல்லிக்கொண்டு வந்தன.

செத்திருந்தது இறால் இல்லை,
சட்டை.
மீசை, கால்கள், கண்ணை மூடியிருந்த கண்ணாடி வரை
ஒன்று விடாமல் கழற்றி
மணலில் போட்டுவிட்டு
பாறை இடுக்குக்குள் போயிருந்தது.
புதுத்தோல் கெட்டிப்படும்வரை
யாருக்கும் முகம் காட்டாது.

ரோவேனா மூக்கை உறிஞ்சிச் சிரித்தாள்.
பிறகு, அயோடின் ஒழுங்காக விடுகிறாய்தானே? என்றாள்.
தொட்டிக்கடியில் நோட்டு இருக்கிறது.
பதினேழு வாரம், என் கையெழுத்து:
அயோடின், 2 சொட்டு.
அயோடின், 2 சொட்டு.

மார்ச்சுக்குப் பிறகு
ஒரு சொட்டும் விடவில்லை.

கடை ஹம்சக்கோயாவுடையது.
ஓடு உரிக்க அயோடின் வேணும்,
மனுஷனுக்குத் தைராய்டு மாதிரி என்பார்.
பாட்டில் நாலரை தினார்,
அதில் எனக்கு இருநூற்றைம்பது ஃபில்ஸ்.
நானும் அதையே ஒப்பித்தேன், நம்பித்தான்.
ஃபஹாஹீல் வில்லாவில் ஒரு பையன்
அந்தத் தவிட்டுநிறம் நீரில் விரியும் அழகுக்காக
தினமும் விட்டிருக்கிறான்.
ஒரே ராத்திரியில் துறவி நண்டுகள்
இரவல் சங்கைவிட்டு வெளியே வந்து கிடந்தன.
இறால்கள் தவணைக்கு முன்பே உரித்திருந்தன.
உள்ளே அடுத்த தோல் தயாராகவில்லை.
அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பார்கள்.
அமுதம்தானா என்பது எனக்குத் தெரியாது,
மிஞ்சியதை மட்டும் வலைக்கரண்டியால் அள்ளினேன்.

அதற்காக, வேண்டவே வேண்டாம் என்று
சத்தியம் செய்யவும் என்னால் முடியாது.
சோதனைக் குப்பியின் நிறம்
ஜன்னலோரம் ஒன்று, குழல்விளக்கில் வேறு.
மூட்டை உப்பில் அயோடின் இருக்கிறது.
கிள்ளிப் போடும் கடற்பாசியில் இருக்கிறது.
வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது
நானேதான் ஊற்றுகிறேன், பெயர் சொல்லாமல்.
இருநூறு அடி தள்ளி நிஜக் கடல்.
அங்கே நண்டுகள் நோட்டில்லாமல் உரிக்கின்றன.
அந்தத் தண்ணீர் தொட்டிக்கு ஆகாது, உப்பு அதிகம் என்று
கப்பலில் வந்த உப்பைக்
குழாய்நீரை வடிகட்டிக் கரைக்கிறோம்.

இறாலுக்குத் தைராய்டு எங்கே இருக்கும்?
ரோவேனா நிஜமாகத்தான் கேட்டாள்.
காலையில் வெறும் வயிற்றில்
மாத்திரை போடுகிறவள்.
கழுத்தே இல்லையே அதற்கு என்றேன்.
தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தாள்.

டாக்டர் ஹனாதி வந்தார்.
கையுறையோடு குனிந்து சட்டையைப் பார்த்தார்.
பார்த்தாயா, மருந்து வேலை செய்கிறது,
இனி இரட்டிப்பாகக் கொடு.
சரி டாக்டர் என்றேன்.
சைபரை இரட்டிப்பதில் எனக்கென்ன.

ஆனால் பாட்டிலை பில்லில் ஏற்றும்போது
பேனா ஒரு நிமிஷம் நின்றது.
நாலரை தினார்.
அடித்துவிட்டு
உப்பு என்று எழுதினேன், ரெண்டு தினார்.
ஹம்சக்கோயாவிடம் என்ன சொல்வதென்று
வேனில் யோசித்துக்கொள்ளலாம்.
நோட்டில் அயோடின் கட்டத்தில்
ஒரு கோடு போட்டேன்.
ஒன்றா, இல்லையா என்று
பார்ப்பவர் பாடு.

சட்டையை எடுத்துவிடவா என்று கேட்டாள்.
வேண்டாம், கிடக்கட்டும்.
குழாயைச் சுருட்டி முடிப்பதற்குள்
துறவி நண்டு ஒன்று நகர்ந்து வந்து
காலியான அந்தக் காலை இடுக்கியால் பிடித்து
முறித்து
தின்னத் தொடங்கியிருந்தது.