மிக்க மகிழ்ச்சி

பெர்கன் துறைமுகம், படகு அட்டவணை அலுவலகம்.
காலை எட்டேகால்.
பெயர் கேட்டது. கடவுச்சொல் கேட்டது.
கைப்பேசிக்கு ஆறு இலக்கம் அனுப்பி அதையும் கேட்டது.
அப்புறம் போக்குவரத்து விளக்குகளைக் காட்டி
நீ மனுஷிதானா என்றது.
பதினேழு வருடமாக இந்த நாற்காலியில் நான்.
அது வந்து ஐந்து மாதம்.

பழையதில் 'அனுப்பு' என்றே எழுதியிருக்கும்.
இதில் ஒரு காகித அம்பு,
ஒட்டினாற்போல் ஒரு குப்பைத்தொட்டி.
நடுவே எறும்பு நுழையாது.
என் விரலோ
குளிரில் தடித்த, ஐம்பத்து மூன்று வயது விரல்.

வெள்ளிக்கிழமை வாஃபிள் உண்டு என்ற கடிதத்துக்குச்
சிவப்பு ஆச்சரியக்குறி.
நான்காம் துறையின் சாய்தளத்தில் விரிசல் என்று
படகுத் தலைவர் எழுதியது 'மற்றவை'க்குள்,
தள்ளுபடிக் காலுறைகளுக்கு அடியில்.
ஒரு கடிதத்தைத் தேடினால்
அது தவிர எல்லாம் வரும்.

அன்று சம்பளப் பிரிவின் ஆஸ்கெய்ர் எழுதியிருந்தார்:
'அம்மா நேற்றிரவு இறந்துவிட்டார்.
வியாழன்தான் வருவேன்.
விடுப்புப் படிவத்தை யாரிடம் கொடுக்க வேண்டும்?'
மேலாளர் அல்வ்ஹில்டுக்கு மட்டும் எழுதத்தான்
'அ' தட்டியிருக்கிறார்.
'அனைவரும்' என்று நிரப்பிக்கொண்டது அது.

என்ன எழுதுவது?
ஒரு வாக்கியம் தொடங்கி அழித்தேன்.
இன்னொன்று தொடங்கி அதையும் அழித்தேன்.
கீழே மூன்று பொத்தான்கள்,
எனக்காகவே யோசித்து வைத்த பதில்கள்:
சரி. புரிந்தது. மிக்க மகிழ்ச்சி!
தொடாமல் ஒதுங்கி
மூடும் குறியை நோக்கி விரலைக் கொண்டுபோனேன்.
அந்த நொடியில்
'புதிய வசதி வந்திருக்கிறது!' என்று
மேலிருந்து ஒரு நீலப் பட்டை இறங்கியது.
திரை முழுவதும் ஒரு விரற்கடை கீழே நகர்ந்தது.
என் விரல் நகரவில்லை.

மிக்க மகிழ்ச்சி!
தூர்டிஸ், அட்டவணைப் பிரிவு.
இன்றைய நாள் இனிதாகட்டும்.
பெறுநர்: நாற்பத்தொரு பேர்.

திரும்பப் பெறும் வழி உண்டு என்றாள் குன்வோர்.
உண்டுதான்.
ஏழாவது பட்டியலில், பற்சக்கரத்துக்குள், மூன்று புள்ளிக்குப் பின்னால்.
அழுத்தினேன்.
நாற்பத்தொரு பேருக்கும் இன்னொரு கடிதம் போனது:
'"மிக்க மகிழ்ச்சி!" என்ற தன் செய்தியை
தூர்டிஸ் திரும்பப் பெற விரும்புகிறார்.'
முதல் கடிதத்தைப் பார்க்காதவர்களும்
இப்போது தேடிப் பிடித்துப் பார்த்தார்கள்.
குன்வோர் காப்பிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.
அவள் தோள் குலுங்கியதை நான் பார்க்கவில்லை
என்று வைத்துக்கொள்வோம்.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன்.
எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று
பதில் வந்தது.

வியாழன்.
மின்தூக்கியை விட்டுவிட்டு
இரண்டு மாடி படியேறினேன்,
மன்னிப்பை மெல்ல மெல்ல எடுத்துப்போக.
ஆஸ்கெய்ர் மேலங்கியைக் கூடக் கழற்றவில்லை.
நான் வாய் திறக்கும் முன்
திரையை என் பக்கம் திருப்பினார்.

சரி. புரிந்தது. புரிந்தது. சரி. புரிந்தது.
முப்பத்தெட்டுப் பதில்கள்.
'உன்னுடையதில்தான்
யாரோ கை தவறியிருக்கிறார்கள் என்று தெரிந்தது' என்றார்.
சிரிக்கவில்லை. கோபமும் இல்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
'படிவம் யாரிடம் என்று மட்டும்
யாரும் சொல்லவில்லை.'

அல்வ்ஹில்டும் புரிந்தது என்றுதான் எழுதியிருந்தாள்.

அந்த ஒற்றைத் தாளை வாங்கிக்கொண்டேன்.
மழையில் வந்த தாள், ஓரம் சுருண்டிருந்தது.
அல்வ்ஹில்டின் மேசைக்கு நடந்தேன்.
பதினான்கு அடி.
அவள் கையெழுத்துப் போட்டாள். முடிந்தது.

என் நாற்காலிக்குத் திரும்பியபோது
அது என்னை வெளியேற்றியிருந்தது.
பெயர். கடவுச்சொல். ஆறு இலக்கம்.
படகு உள்ள படங்களைத் தொடுக என்றது.
ஒன்பது படம்.
படகு எனக்குத் தெரியாதா?
நான்கைத் தொட்டேன்.

தவறு, மீண்டும் முயல்க என்றது.
ஜன்னலுக்கு வெளியே
ஒன்பது ஐந்து படகு
சரியான நேரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.