அரை நொடி

கேடயத்தை அவன் இறக்குவது அரை நொடி.
நின்றால் செத்தேன்; ஓடினால் குறி தப்பும்.

நாற்பத்தோராவது சாவு.
வ்ரோத்ஸ்வாஃபில் மணி நாலரை,
பனியை வழித்துக்கொண்டு போகிறது முதல் டிராம்.
எளிதுக்கு மாறலாமே என்கிறது திரை.
அந்த வரியை எழுதியவனே நான்.

கேடயமும் நான்தான்.
முதுகுக்குப் பின்னால் குதிக்கும் ஈனப் புத்தியும்
என் சம்பளத்தில் செய்தது.

கூட்டத்தில் நான் கேட்டது
நொடியில் பத்தில் நாலு.
"ஐந்து கொடு ராதோமிர், மனுஷக் கை அது"
மல்லுக்கு நின்றாள் கஜிமியேரா.
காபிக் கோப்பைக்குள் சிரித்தேன் அன்று.

இதோ இறக்குகிறான்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு
போச்சு.

அவள் வாங்கித் தந்த மிச்சத்தில்
விரல் தன்பாட்டுக்கு அழுத்துகிறது.
விழுந்தான்.

கதவைத் திறக்கிறேன்.
உள்ளே இரண்டு பேரை நிறுத்தியிருந்தேன்,
மறந்தே போச்சு.