அனுமதி நிலுவையில்

புக்கிட் பாஞ்சாங் நிலையத்தில்
வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தால்
அடுத்த நடைக்கு ஏழு நிமிடம்.
மூன்று கழிவறைக்கு,
இரண்டு கோப்பி-ஓ ஆறுவதற்கு.
மிச்சமிருப்பதில்தான் நான் தகப்பன்.

கைப்பேசியைத் திறந்தால்
வரிசையில் நிற்கின்றன விண்ணப்பங்கள்.
நிறைமதி இன்னும் பதினைந்து நிமிடம் கேட்கிறாள்.
2.10க்கு ஒன்று. 2.11க்கு ஒன்று.
2.14க்கு, கைகூப்பும் பொம்மையோடு ஒன்று.

பின்னக் கணக்கா,
யாரோ ஒருத்தி வாங்கி வந்ததையெல்லாம்
பிரித்துப் பிரித்துக் காட்டும் காணொளியா,
பன்னிரண்டாம் மாடியில் என்ன ஓடுகிறதென்று
இங்கிருந்து எனக்கு எப்படித் தெரியும்?
வீட்டுப்பாடமும் அதே கண்ணாடிக்குள்தான்.
பிடுங்கி வைத்தால்
ஆசிரியை கொடுத்த பயிற்சியையும் சேர்த்தல்லவா பிடுங்குகிறேன்.

சில நாள் ஒப்புதல் மேல் இறங்கும் பெருவிரல்,
சில நாள் மறுப்பின் மேல்.
உண்மையைச் சொன்னால்
அவள் என்ன செய்தாள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
உட்லண்ட்ஸ் சாலையில் நெரிசல் எப்படி,
எத்தனை பேர் மணியை அடித்துவிட்டு
இறங்காமல் நின்றார்கள்,
அதைப் பொறுத்தது.

ஒருமுறை ஜெயலதா
வைஃபை பெட்டியைக் கழற்றி
பாம் ஷெல்ட்டருக்குள் கொண்டுபோய்
அரிசி மூட்டைக்கும் உடைந்த மின்விசிறிக்கும் நடுவே வைத்து
இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டினாள்.
குண்டே விழுந்தாலும் பத்திரமாய் இருந்திருக்கும்.
அன்று வீட்டில் முதலில் கத்தியது
மகள் இல்லை.
"என்ன, நெட் வரலயே?"
நான்தான்.

கடவு எண்ணை மாற்றிக்கொண்டே இருந்தேன்.
கல்யாண நாள் இரண்டு வாரம் தாங்கியது.
வீட்டு எண் நான்கே நாள்.
பிறகு அர்த்தமே இல்லாத ஓர் எண்ணை வைத்தேன்,
எனக்கே இரண்டுமுறை மறந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அவள் தலைக்குத் தேய்த்த கையோடு
ஏதோ பார்க்கத் திறந்திருக்கிறேன்.
கண்ணாடியைச் சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தாளாம்.
நான்கு எண்களின் மேல்
தேங்காயெண்ணெயில் நான்கு வட்டம்.
வரிசை பிடிபட ஐந்தாறு முறைதான் ஆயிற்றாம்.

தனக்கு நேரம் கூட்டிக்கொண்டாள்.
பொய் சொல்வானேன், கொஞ்சம் கூட்டிக்கொண்டாள்.
கையோடு
என் பெயரையும் பட்டியலில் சேர்த்துவிட்டாள்.

செவ்வாய் இரவு, பத்தே முக்கால்.
விரல் தள்ளத் தள்ள
எங்கோ ஒருவன் துருப்பிடித்த கத்தியைத் தீட்டுகிறான்,
நாமக்கல்லில் ஒருவன் லாரி கழுவுகிறான்,
பாதி நுரையில் திரை சாம்பலாகிப் போனது.
உங்கள் நேரம் முடிந்தது. அனுமதி கேட்கவும்.

யாரிடம்?

அழுத்தினேன்.
சுவருக்கு அந்தப் பக்கம், அவள் மேசை இழுப்பறைக்குள்
சின்னதாய் ஒரு டிங்.
விளக்கு எரியவில்லை. தூங்கியிருப்பாள்.

எழுந்துபோய்க் கதவைத் தட்டியிருக்கலாம்.
அப்பா நான், எண்ணைச் சொல்லு என்று
அதட்டியிருக்கலாம்.
சன்னலோரம் போய் நின்றேன்.
கீழே எல்ஆர்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.
புளோக்குகளை நெருங்கும்போது
அதன் கண்ணாடிகள் தாமாகவே வெளுத்துவிடும்,
அடுத்தவர் வீட்டைப் பார்க்கக் கூடாதென்று.
உள்ளே இருப்பவர்கள்
யாரிடமும் விண்ணப்பித்ததாகத் தெரியவில்லை.
நின்றேன், ரொம்ப நேரம்.
எத்தனை நிமிடமென்று
எந்த அறிக்கையிலும் வராது.

மறுநாள் நிலையத்தில், ஏழு நிமிடத்துக்குள்
பதில் வந்து கிடந்தது.
காலை 6.20, பள்ளிக்குக் கிளம்பும்போது தட்டியிருக்கிறாள்.
அனுமதி: ஒரு நிமிடம் மட்டும்.

நள்ளிரவு தாண்டினால் கணக்கு புதிதாகிவிடும்,
அந்த நிமிடம் இனி எதற்கும் உதவாது.
இருந்தும்
எண்ணியபடியே அவளுக்கு அழைத்தேன்.
எடுக்கவில்லை. வகுப்பில் இருப்பாள்,
கைப்பேசி எங்கோ பூட்டிய பெட்டிக்குள்.
கதவருகே ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்,
ஒரு கிழவர் கண்ணாடியைத் தட்டினார்.

இருபத்தொரு விநாடி மிச்சமிருக்க
வண்டியைக் கிளப்பினேன்.