மூன்றாம் பக்கத்தில் கையசைப்பவள்

அல் ராய் வெள்ளிச் சந்தையில்
கழற்றிப்போட்ட ஏசிக்கும் ஒற்றை ரோலர் ஸ்கேட்டுக்கும் நடுவே கிடந்தது.
கால் தினார் சொன்னான். நூறு ஃபில்ஸுக்கு முடிந்தது.
அட்டையில் ஹாக்கி மட்டையோடு ஓடும் நான்கு பெண்கள்.
ஒருத்தியின் முகத்தை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது.
உள்ளே ஊதா மையில்:
பமீலா, இரண்டாம் ஃபாரம், அஹ்மதி, 1961.

எண்ணெய்க் கம்பெனிக்காரன் மகளாயிருப்பாள்.
இந்தப் புழுதியில் உட்கார்ந்து
மழை ஊறிய மைதானங்களைப் படித்திருக்கிறாள்.
நான் மார்த்தாண்டத்து அடைமழையில்
பாதி புரிந்தும் பாதி ஊகித்தும் படித்தேன்,
இஞ்சி பீர் சாராயமென்றே நம்பி,
அம்மா கண்ணில் படாமல்.

இப்போது நைட் டியூட்டி முடிந்த பகல்.
ஜன்னலில் அலுமினியத் தாள்.
மேல் கட்டிலில் மேரிசெல்லின் குறட்டை.
எங்களுக்கும் வார்டன் உண்டு, பத்து மணிப் பூட்டு உண்டு,
நள்ளிரவு விருந்தும் உண்டு:
குப்பூஸ், டின் மத்தி,
ஷைனி ஒளித்துக் கொண்டுவந்த மாங்காய் ஊறுகாய்,
நாலு பேருக்கு ஒரே ஸ்பூன்.
சிரிக்கலாமென்றுதான் திறந்தேன்.

மூன்றாம் பக்கம். ரயிலடி. டிரங்குப் பெட்டி. புதுத் தொப்பி.
அம்மா கையசைத்தாள் என்று ஒரு வரி.
ரயில் கிளம்பிவிடுகிறது.
அப்புறம் இருநூறு பக்கம் அவள் இல்லை.

அந்த வரியை எத்தனை தடவை
மிதித்துத் தாண்டியிருப்பேன், மிட்டாய் டப்பாவைப் பார்த்து.
இன்று பிளாட்ஃபாரத்திலேயே நின்றுவிட்டேன்.
ரயில் போன பிறகு அவள் என்ன செய்தாள்?
டீ குடித்தாளா?
வீட்டுக்கு எந்த பஸ்?
எழுதியவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.
தேடினேன்.
எழுபத்தாறாம் பக்கத்தில் ஒரு கேக் பார்சல்.
நூற்று நாற்பதில் ஒரு கடிதம்.
பிரிக்காமல் பாக்கெட்டில் செருகிக்கொண்டு
மகள் ஆட்டத்துக்கு ஓடுகிறாள்.

ஞாயிறு ஒன்றரை. அங்கே நான்கு.
வார்டன் போனில் அபிஷா, பத்து நிமிடம்.
“சாப்ட்டேன்மா. சுகம்தான். ரெக்சி கூப்பிடுதா.”
ராத்திரி ஒளிச்சு வச்சு ஏதும் தின்னுவீங்களா மக்களே?
சத்தமில்லை.
“வார்டன் சொன்னாங்களா?”
இல்ல மக்களே, சும்மா கேட்டேன்.
என்னை எடைபோடுகிறாள், கேட்கிறது.
பிறகு, மூச்சுக்குள்:
“மிக்சர். அப்புறம் நீ அனுப்பின ஈத்தப்பழம்.”
கொட்டையெல்லாம்?
“ஜன்னல் வழியா.”

நாலு நிமிடம் பாக்கி இருக்கும்போதே
வைத்துவிட்டாள்.